ஒழுகும் கூரையும் ஒன்றரை அடிப் பட்டும்

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்காட்லாந்தில் ஒரு மலைத்தொடர் விலைக்கு வந்தது. ஸ்கை தீவின் கறுப்புக் கூலின் மலைகள். கேட்ட விலை ஒரு கோடி பவுண்ட். விற்க வந்தவர் சொன்ன காரணம்: வீட்டுக் கூரை ஒழுகுகிறது.

வீடு என்பது டன்வேகன் கோட்டை. விற்க வந்தவர் ஜான் மெக்லவுட், மெக்லவுட் குலத்தின் 29ஆவது தலைவர். இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்தே அந்தக் கூரையைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மலையை எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள். மலையை விற்றுத்தான் ஒட்டுப்போட முடியும் என்கிற அளவுக்கு ஒரு கூரை எப்படி இருக்கும்?

போன வருடம்தான் வாய்த்தது. போர்ட்ரீயில் தங்கி, காலையில் காரில் கிளம்பிப் போனோம். ஸ்கை தீவில் மழை பெய்கிறதா இல்லையா என்பதே ஒரு குழப்பம். கண்ணாடி துடைப்பானைப் போட்டால் நின்றுவிடும், நிறுத்தினால் பிடித்துக்கொள்ளும். டன்வேகன் கடல் நீட்டத்தின் ஓரத்தில் ஒரு கரும்பாறை, அதன் மேல் சாம்பல் நிறத்தில் கோட்டை. முதல் பார்வைக்கு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கோபுரங்களும் மதில் பற்களும் ஏதோ நாடக மேடைக்குச் செய்தது போல ஒரே சீராக இருந்தன. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பற்கள் 1840களில் அலங்காரத்துக்கு வைத்தவை என்று. உள்ளே இருப்பவை பழசு. 13ஆம் நூற்றாண்டு மதில், 14ஆம் நூற்றாண்டு கோபுர வீடு, 1500 வாக்கில் கட்டிய தேவதைக் கோபுரம், 17ஆம் நூற்றாண்டு வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

1748 வரைக்கும் இந்தக் கோட்டைக்குள் நுழைய ஒரே வழி கடல் பக்கத்து வாசல்தான். படகில் வந்து இறங்கி, பாறையில் வெட்டிய குறுகிய படிகளில் ஏறி வர வேண்டும். இப்போது நிலத்துப் பக்கம் பாலம், கார் நிறுத்துமிடம், டிக்கெட் கவுண்டர் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கடல் வாசலை நான் கடைசியாகத்தான் போய்ப் பார்த்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். அங்கே நின்றால்தான் கோட்டை கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது புரிகிறது. நாம் வந்து நுழைகிற பக்கம் அதற்கு முதுகு.

மெக்லவுட்கள் வைக்கிங் வழி வந்தவர்கள். லியட் என்பவர் முதல் தலைவர், 13ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய தகப்பனார் மேன் தீவையும் இந்தத் தீவுகளையும் ஆண்ட நார்ஸ் அரசர் கறுப்பு ஓலாஃப் என்று குலத்தில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அன்றிலிருந்து ஏறத்தாழ 800 வருடமாகக் கோட்டை ஒரே குடும்பத்தின் கையில். இப்போதைய தலைவர் ஹியூ, 30ஆவது ஆள். குலத்தின் இலச்சினையில் ஒரு காளைத் தலை, அதோடு இரண்டே சொல்: விடாமல் பிடி.

எதை விடாமல்? கோட்டைக்குள் அறை அறையாக நடந்தபோது எனக்குக் கிடைத்த பதில் ‘பாறையை’ என்பதுதான். இந்தப் பாறையைக் கையில் வைத்துக்கொள்வதற்காக இவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு எதையாவது விட்டிருக்கிறார்கள். வாளும் கேடயமும் மாட்டிய சுவர்களைப் பார்த்துக்கொண்டு போகும்போது ஒரு கடன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது போலவே எனக்கு இருந்தது.

சரி, முதலில் எல்லோரும் பார்க்கிற பொருள். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கிழிந்த பட்டுத் துணி. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இருக்கும். பழுப்பேறி, ஓட்டைகளும், ஓட்டைகளைச் சுற்றி அக்கறையாகத் தைத்த தையல்களுமாக இருக்கிறது. இதன் பெயர் தேவதைக் கொடி. குலத் தலைவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்ட தேவதை, 20 வருடம் கழித்துத் தன் உலகத்துக்குத் திரும்பும்போது பக்கத்தில் உள்ள ஒரு பாலத்தில் நின்று கொடுத்துவிட்டுப் போனதாம். குலத்துக்கு ஆபத்து வந்தால் இதை விரிக்க வேண்டும். மூன்று முறைதான் பலிக்கும்.

இரண்டு முறை ஆகிவிட்டது. முதல் முறை 1490இல், க்ளெண்டேல் சண்டையில். இரண்டாவது முறை 1578இல், வாட்டர்னிஷ் முனையிலுள்ள ட்ரம்பன் தேவாலயத்தில். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குக் கூடியிருந்த மெக்லவுட்களை உள்ளே வைத்துப் பூட்டி, மூடுபனியில் படகேறி வந்த யூயிஸ்ட் தீவின் மெக்டொனால்ட்கள் கூரைக்குத் தீ வைத்தார்கள். புகையைப் பார்த்துவிட்டு டன்வேகனிலிருந்து ஆட்கள் ஓடிப்போனார்கள். கடல் வற்றி மெக்டொனால்ட்களின் படகுகள் தரைதட்டிக் கிடந்தன. கொடியை விரித்தார்கள். தப்பிப் போனவர்கள் மிகச் சிலர். செத்தவர்களை ஒரு கல் வேலி ஓரமாக வரிசையாகக் கிடத்தி, வேலியையே அவர்கள் மேல் தள்ளி மூடினார்களாம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதற்கு ஒரு வருடம் முந்தைய கதையையும் சொல்ல வேண்டும். 1577இல் எய்க் தீவில் ஒரு குகைக்குள் ஒளிந்திருந்த மெக்டொனால்ட்களை, வாசலில் தீ மூட்டிப் புகையால் மூச்சுத் திணறவைத்துக் கொன்றவர்கள் மெக்லவுட்கள். செத்தவர்கள் 395 பேர் என்பது வழிவழியாக வரும் கணக்கு. தேவாலயத்துத் தீ அதற்குப் பழி.

துணிக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வேஸ் என்ற நிபுணர் இதைப் பரிசோதித்தார். பட்டு சிரியா அல்லது ரோட்ஸ் பக்கத்தில் நெய்தது, மிகப் பழையது, ஏதோ புனிதச் சட்டையாக இருந்திருக்கலாம், நார்வே அரசர் யாராவது கிழக்கிலிருந்து கொண்டுவந்திருப்பார் என்றார். அப்போது தலைவராக இருந்த சர் ரெஜினால்ட் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் அப்படி நம்பலாம், ஆனால் இது என் முன்னோருக்குத் தேவதை கொடுத்தது என்பது எனக்குத் தெரியும் என்றாராம். வேஸும் உங்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்று தலைவணங்கிவிட்டாராம். சர் ரெஜினால்ட் அரசாங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்தவர், ஸ்காட்லாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுக்கெல்லாம் தலைமை வகித்தவர். பத்திரம் என்றால் என்ன, சாட்சியம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்த ஆள். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது முறை இன்னும் பாக்கி. கடனில் மூழ்கி எதையெதையோ விற்ற குடும்பம் இதை மட்டும் செலவழிக்கவில்லை.

கடன் கதையை 22ஆவது தலைவர் நார்மனிடமிருந்து தொடங்கலாம். குலத்துக்குள்ளேயே அவருக்குப் பெயர் ‘பொல்லாத மனிதர்’. குலத்தைக் குறிக்கும் ‘க்ளான்’ என்ற சொல்லுக்கு, இவர்களுடைய பழைய மொழியான கேலிக்கில் பிள்ளைகள் என்று அர்த்தம். தலைவர் தகப்பன், குலத்தார் பிள்ளைகள். 1739இல் இந்தத் தகப்பன் ஆட்சியிலிருந்த ஸ்கை, ஹாரிஸ் தீவுகளில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 100 பேரைப் பிடித்து ஒரு கப்பலில் ஏற்றினார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கொண்டுபோய் ஒப்பந்தக் கூலிகளாக விற்பது திட்டம். கப்பல் வழியில் அயர்லாந்தில் ஒதுங்கியபோது அவர்கள் தப்பித்து ஓட, விஷயம் வெளியே வந்தது. ‘சனங்களின் கப்பல்’ என்று இன்றும் அதற்குப் பெயர். நார்மனுக்கும் பக்கத்துத் தலைவரான சர் அலெக்சாண்டர் மெக்டொனால்டுக்கும் இதில் பங்கு உண்டு என்று பேச்சு பலமாக அடிபட்டது. இருவர் மீதும் வழக்கு வரவில்லை. 1745இல், பிரிட்டிஷ் அரியணையை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் இளவரசர் சார்லி அதைத் திரும்பக் கேட்டு வந்து இறங்கியபோது இருவரும் அவர் பக்கம் போகவில்லை. அரசாங்கம் இந்தக் கப்பல் விவகாரத்தைக் கையில் வைத்திருந்ததுதான் காரணம் என்று நினைக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

இதில் வேடிக்கை, கோட்டையில் இன்று அதே சார்லியின் தலைமுடிக் கற்றை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தோற்று ஓடிய அவரைத் தப்பவைத்த ஃப்ளோரா மெக்டொனால்டின் உள்கச்சும் இருக்கிறது. அன்று உதவாதவர் வீட்டில் இன்று அவருடைய ஞாபகச் சின்னங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு முடிக்கற்றை பிடிக்கும். கப்பலைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை.

நார்மன் 1772இல் கண்ணை மூடியபோது விட்டுப்போன கடன் ஏறத்தாழ 50,000 பவுண்ட். பட்டத்துக்கு வந்த பேரன் இன்னொரு நார்மன், 18 வயதுப் பையன். அடுத்த வருடம் செப்டம்பரில்தான் ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனும், அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பின்னாளில் எழுதிய நண்பர் பாஸ்வெல்லும் டன்வேகனுக்கு விருந்தாளிகளாக வந்து ஒரு வாரத்துக்கு மேல் தங்கினார்கள். பையனின் அம்மா அவர்களிடம் ஒரு குறையைச் சொன்னார்: இந்தப் பாறையில் குடும்பம் நடத்த முடியவில்லை, தோட்டம் போட இடமில்லை, சில மைல் தள்ளி வசதியாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பாஸ்வெல் பதறிப்போனார். பாறையை விடவே கூடாது, சொத்துக்கெல்லாம் ரத்தினம் அதுதான் என்று வாதாடினார். ஜான்சனும் அவர் கட்சிதான். பாறையை விடுவதை விட பாஸ்வெல் இங்கே பாதாளச் சிறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார் என்று கிண்டலும் செய்தார்.

அந்தச் சிறையை நானும் எட்டிப் பார்த்தேன். தரையில் ஒரு துளை, கீழே ஆழமாக இருட்டு. சமையல் வாசனை உள்ளே பட்டினி கிடப்பவனுக்குப் போகும்படி அடுக்களைப் பக்கம் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். என் ஓட்டு அந்த அம்மாவுக்குத்தான். விருந்தாளிகளுக்கு என்ன, பத்து நாளில் கிளம்பிவிடுவார்கள். மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் துணி காயவைக்க வேண்டியவர் அவரல்லவா? ஆனால் ஜெயித்தது பாறை.

பேரன் நார்மன் கடனை அடைக்க முதலில் நிலத்தை விற்றார். 1779இல் ஹாரிஸ் தீவு போனது. வாங்கியவர் அதே குலத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மெக்லவுட், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஓடிய கப்பலின் கேப்டன். இந்தியா போய் வந்தவனிடம் பணம் இருக்கிறது என்பதை நார்மன் கண்ணால் பார்த்துவிட்டார். அடுத்து அவரே கிளம்பினார். 1782 நவம்பரில் மலபார்க் கரையில் பொன்னானியில் திப்புவின் படை தாக்கியபோது எதிர்த்து நின்ற ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கியவர் இந்த டன்வேகன் நார்மன்தான். திப்பு மறுபடி தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, டிசம்பர் 7ஆம் தேதி சித்தூர் அருகே ஹைதர் அலி இறந்துவிட, தகப்பனுடைய படையையும் பட்டத்தையும் காப்பாற்றிக்கொள்ளத் திப்பு கிழக்கே விரைந்தார். நார்மன் ஜெனரலாக ஊர் திரும்பினார். திரும்பியவர் இந்தியப் பணத்தைக் கோட்டை வேலைக்கும் தேர்தலுக்கும் சூதாட்டத்துக்கும் இறைத்து, நாடாளுமன்றத்தில் ஆறு வருடம் உட்கார்ந்துவிட்டு, 1801இல் கர்ன்ஸி தீவில் மறுபடியும் கடனாளியாகவே இறந்தார்.

தலைவர்களின் கையை விட்டுப் போன நிலங்களுக்கும் ஒரு கதை உண்டு. கோட்டைக்கு மேற்கே உள்ள க்ளெண்டேலும், கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் செயிண்ட் கில்டா தீவும் பின்னாளில் சர் ஜான் மெக்ஃபர்சன் மெக்லவுட் என்பவருக்குச் சொந்தமாயின. அவர் மெட்ராஸ் மாகாண சிவில் அதிகாரி. மெக்காலே தலைமையில் இந்தியத் தண்டனைச் சட்டத்தை வரைந்த ஆணையத்தில் உறுப்பினர். நாம் வாய் கூசாமல் ஒருவரை ‘420’ என்று திட்டுகிறோமே, அந்த எண்ணுக்கும் ஸ்கை தீவுக்கும் இப்படி ஒரு பந்தம். அவர் 1881இல் இறந்த பிறகு க்ளெண்டேல் குடியானவர்கள் மேய்ச்சல் நிலம் கேட்டுக் கிளர்ச்சி செய்தார்கள். நீதிமன்றத் தடையை மதிக்காமல் மாடுகளை ஓட்டிவிட்டார்கள். அரசாங்கம் 1883இல் போர்ப் படகையே அனுப்பியது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான ஜான் மெக்ஃபர்சன் எடின்பரோவில் இரண்டு மாதம் சிறையிருந்தார். பிறகு குடியானவர்களின் குறை கேட்க ஓர் ஆணையம் போட்டார்கள். அதற்குத் தலைவர் நேப்பியர் பிரபு. சென்னைக்காரர்களுக்குப் பரிச்சயமான பெயர்தான். கூவம் முகத்துவாரத்தில் நேப்பியர் பாலம் இருக்கிறதே, மெட்ராஸ் கவர்னராக இருந்த அதே ஆள். அவர் கேட்டு எழுதியதன் விளைவாக 1886இல் வந்த சட்டம், குத்தகைக் குடியானவனை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்தது. மெட்ராஸில் வேலை பார்த்த ஒருவரின் நிலத்தில் எழுந்த சண்டையை மெட்ராஸை ஆண்ட இன்னொருவர் விசாரித்திருக்கிறார்.

இந்தக் கணக்குப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பக்கம் 25ஆவது தலைவருடையது. அவரும் நார்மன். (பெயர் வைப்பதில் மட்டும் இந்தக் குடும்பம் சிக்கனம்.) நான் முதலில் பார்த்து முகம் சுளித்தேனே, அந்த மதில் பற்களும் கோபுரத் தொப்பிகளும் இவர் வேலை. வேலை முடிந்தும் முடியாத நேரத்தில், 1846இல், உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. அயர்லாந்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற அதே நோய். ஸ்கை தீவின் குடியானவனுக்கும் கிழங்குதான் சோறு. பக்கத்துப் பண்ணைகளில் சனங்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தபோது, நார்மன் கைப்பணத்தில் மாவு வாங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பசியாற்றினார். இரண்டு மூன்று வருடத்தில் கையிருப்பு காலி. கோட்டையை வாடகைக்கு விட்டுவிட்டு லண்டனுக்குப் போய் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். குலத் தலைவர், கோட்டைக்குச் சொந்தக்காரர், 37 வயதில், நாற்காலி மேசையில் உட்கார்ந்து கோப்பு எழுதினார். பின்னாளில் சவுத் கென்சிங்டனில் அறிவியல் கலைத் துறையில் உயர்ந்த பதவிக்கு வந்தார். சிலை வைக்க வேண்டிய ஆள் என்பேன். கோட்டையில் இவர் பெயருக்கு முன்னால் நின்று படம் எடுத்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

அவர்கள் நின்றது கொம்புக்கு முன்னால். வெள்ளி வளையம் கட்டிய மாட்டுக் கொம்பு. பட்டத்துக்கு வருகிற ஆண் வாரிசு அது நிறைய, ஏறக்குறைய ஒன்றரை பாட்டில் சிவப்பு ஒயினை, கீழே வைக்காமலும் கீழே விழாமலும் ஒரே மூச்சில் குடித்து முடிக்க வேண்டும். கூரைக்காக மலையை விற்க வந்த ஜான் 1965இல் அதை 1 நிமிடம் 57 நொடியில் முடித்தார்.

ஜானுக்கு முன்னால் தலைவராக இருந்தவர் அவருடைய பாட்டி, டேம் ஃப்ளோரா. பிறந்தது 1878இல், லண்டன் டவுனிங் தெருவில். தாய்வழித் தாத்தா அப்போது நிதியமைச்சர். சர் ரெஜினால்டின் மகள். 57 வயதில் தலைவரானார். 1938இல் கோட்டையில் தீப்பிடித்தபோது தேவதைக் கொடியை வெளியே எடுத்துப் போனார்கள், அது கடந்துபோன நேரத்தில் தீ அடங்கியது என்று ஒரு பேச்சு உண்டு. கொடியைத் தூக்கினார்களே தவிர விரிக்கவில்லை, அதனால் அது கணக்கில் சேராதாம். உலகப்போரின்போது குலத்து இளைஞர்கள் கொடியின் புகைப்படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஓட்டினார்கள். ஜெர்மானியர்கள் படையெடுத்து வந்தால் டோவர் பாறை மேல் நின்று கொடியை வீசத் தயார் என்றும் ஃப்ளோரா சொல்லியிருந்தார்.

போர் முடிந்த பிறகு அவர் செய்த காரியம்தான் பெரிது. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று ஊர் ஊராகப் போய் மெக்லவுட்களைத் தேடிப் பிடித்தார். வாடகை உயர்ந்து, நிலம் ஆட்டுக்குப் போய், பசி தாங்காமல், அல்லது துரத்தப்பட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள். 1956இல் அவர்களையெல்லாம் டன்வேகனுக்கு வரவழைத்துக் குல மாநாடு கூட்டினார். அது இன்றும் நடக்கிறது. என் முன்னால் வரிசையில் நின்ற ஒரு கனடாக் குடும்பத்தில் மூன்று தலைமுறையும் ஒரே கட்டம் போட்ட மஞ்சள் கறுப்புத் துண்டு போட்டிருந்தது. அவர்களில் பெரியவர் டிக்கெட்டுக்கு மேல் நன்கொடைப் பெட்டியிலும் ஒரு நோட்டைப் போட்டார். அவருடைய முன்னோர் எந்தக் கப்பலில் போனார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மலை விற்பனை என்ன ஆயிற்று? ஸ்காட்லாந்தே கொதித்தது. மலைக்கு யார் சொந்தக்காரன் என்று கேட்டார்கள். 1611இல் ஜேம்ஸ் மன்னர் கொடுத்த சாசனத்தில் கூலின் மலைகள் அடங்குமா என்று அரசரின் சொத்துகளைப் பார்க்கும் துறை ஆராய்ந்தது. கடைசியில் வழக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. ஆனால் ஒரு கோடி கொடுத்து வாங்கவும் ஆள் வரவில்லை. மலையை நாட்டுக்கே தந்துவிடுகிறேன், கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜான் பேரம் பேசிப் பார்த்தார். அதுவும் கூடிவரவில்லை. 2007இல் அவர் காலமானார். மகன் ஹியூ காலத்தில் படிப்படியாகப் பழுதுபார்த்துவருகிறார்கள். தோட்டத்தையும், கடல்நாய்களைப் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகளையும், விடுதிக் குடில்களையும் நம்பித்தான் கோட்டை நிற்கிறது. படகில் நாங்களும் போனோம். கொழுத்த கடல்நாய்கள் பாறையில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டன.

கூரையை என்னால் சரியாகப் பார்க்கவே முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீழே நின்றால் மதில் பற்கள் மறைக்கின்றன. உள்ளே எந்த அறையிலும் சொட்டு விழவில்லை.

திரும்பி வரும்போது தெற்கே உச்சி சீவிவிட்டது போல இரண்டு மலைகள் தெரிந்தன. மெக்லவுட்டின் மேசைகள் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் தேவதைக் கோபுரத்தைக் கட்டிய தலைவர் கூனன் அலஸ்டர், எடின்பரோவில் அரசரின் விருந்துக்குப் போயிருக்கிறார். இப்படி ஒரு கூரையும் மேசையும் விளக்கும் உங்கள் தீவில் உண்டா என்று ஒரு பிரபு நக்கலாகக் கேட்டிருக்கிறார். இதைவிடப் பெரிதாகவே உண்டு, வந்து பாருங்கள் என்றாராம் அலஸ்டர். பிரபு வந்தார். தட்டையான அந்த மலையுச்சியில் விருந்து. சுற்றிலும் குலத்து ஆட்கள் தீவட்டி பிடித்து நின்றார்கள். மலைதான் மேசை. மேலே நட்சத்திரம் நிறைந்த வானம், அதுதான் கூரை.

அன்றிரவு மழை வந்ததா என்று கதையில் இல்லை.